ஒற்றை விசில்

அணைக்கட்டு டவுன் பஸ்ஸில்
பன்னிரண்டு வருஷம்
இடது கடைவாயில்தான் விசிலைக் கடித்திருந்தேன்.
ஒன்று ஊதினால் நில். இரண்டு ஊதினால் போ.

சித்திரையில், வேலூர் பஸ் ஸ்டாண்டில்
ஐஸ் மோர் பட்டதும் சுரீர் என்றது.
மோர் வயிற்றுக்குள் போன பின்னும்
கூச்சம் மட்டும் ஊசூர் வரை
டிக்கெட் எடுக்காமல் வந்தது.

விசிலை வலப்பக்கம் மாற்றிக்கொண்டேன்.
சில்லறைப் பையில் கிராம்பு.
அப்புறம் ராத்திரி வலி:
படுத்தால் துடிக்கும்,
எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் இரக்கப்படும்.
"லீவு போட்டுப் போய்க் காட்டேன்யா" என்றார்
டிரைவர் முனிரத்தினம்.
ஆடிக் கிருத்திகை ஸ்பெஷல் முடியட்டும் என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வலி நின்றது.
ஐஸையே கடித்துத் தின்றேன்.
முனிரத்தினத்துக்கும் ஒரு மோர் வாங்கிக் கொடுத்தேன்.

ஈறில் அரிசியளவு கொப்புளம் கிளம்பிய பிறகுதான்
காட்பாடிக்குப் போனேன்.
டாக்டரம்மா சில்லென்ற பஞ்சைப் பல்லில் வைத்து
"தெரியுதா?" என்றார்.
"ஒண்ணுமே தெரியலை மேடம்."
பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஆறலைங்க. நரம்பு செத்துப்போச்சு.
மோர் குடிச்ச வாரமே வந்திருந்தா
சின்னதா அடைச்சு அனுப்பியிருப்பேன்."

ஒற்றை விசில்
எத்தனை தரம் ஊதியிருக்கிறது உள்ளேயிருந்து.
நான்தான் ரைட், ரைட் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

வாயை மூடாமலே சொன்னேன்:
வலப்பக்கமும்
லேசாக் கூசுது மேடம், ரெண்டு நாளா.