ஒரு டைல்

விண்ணப்பம் இருநூறு ரூபாய். ரசீது கிடையாது.
"எல்கேஜியில ரெண்டு சீட்டுதான் காலி" என்றார் வாட்ச்மேன்,
தன் சீட்டைக் கொடுப்பதுபோல.

பர்கூர் ரோட்டோரம், வண்டி சீட்டின் மேல் வைத்து எழுதினேன்.
ரெக்சின் அமுங்கி, பேனா
என் பெயரை இரண்டு இடத்தில் கிழித்தது.
நாகவேணி பிடுங்கிக்கொண்டாள்.
அவள் பத்தாவது. நான் எட்டு.

பிறப்புச் சான்றிதழில் நிவாசினி,
ஆதாரில் நிவாஷினி.
இரண்டு பேரையும் ஒரே ஜடை பின்னிக் கூட்டி வந்திருந்தோம்.

தாய்மொழிக் கட்டத்தில் தெலுங்கு என்று எழுதி
பக்கத்தில் சின்னதாகத் தமிழ் என்றும் எழுதினாள்.
வருமானத்தை அதிகம் போட்டால் டொனேஷன் கேட்பார்கள்,
குறைத்தால் சீட்டு கிடைக்காது என்றாள் வரிசையில் ஒருத்தி,
முன்னே பின்னே தெரியாதவள்.
மாங்காய் லாரி ஒன்று கடந்து முடியும்வரை
அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.
தொழில்?
டைல்ஸ் வேலைன்னே எழுது என்றேன்.
எழுதினாள். பிறகு இடுக்கில்
'காண்ட்ராக்டர்' என்று நுழைத்தாள்.
என்னிடம் இருப்பது ஒரு கட்டிங் மெஷின்,
இரண்டு கரணை, மச்சான் ஒருத்தன்.

கரஸ்பாண்டென்ட் அறைக்குச் செருப்பில்லாமல் போனோம்.
கால் வைத்ததும் தெரிந்தது,
போன ஐப்பசியில் நான் ஒட்டிய தரை.
பீரோவுக்கு முன்னால் ஒன்று
அன்றைக்கே சரியாக உட்காரவில்லை.
மழை. கலவை நீர்த்துவிட்டது. கரண்ட்டும் இல்லை.
நாளைக்கு எடுத்து மாற்றலாம் என்றிருந்தேன்.
நாளைக்குச் சூளகிரியில் வேறு வேலை.

பாக்கி எட்டாயிரத்து நானூறு
என்று நான் சொல்லவில்லை.
அவரும் சொல்லவில்லை.

மேடம் படம் காட்டினார்.
டம்ளர். "வாட் இஸ் திஸ்?"
"நீள்ளு."
நாகவேணியின் விரல் என் முட்டியில் அழுந்தியது.
ஒரு மாதமாக ராத்திரியில்
வாட்டர் என்று சொன்ன பிறகுதான்
குடிக்கக் கொடுத்தாள்.

மேடம் எதையோ எழுதினார்.
எழுதுவதைப் பார்க்கக் கூடாதென்று தரையைப் பார்த்தேன்.
பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள்.
நான் ரப்பர் சுத்தியலால் தட்டிக் கேட்பதைப் பார்த்தே வளர்ந்தவள்,
குதிகாலால் தட்டிக்கொண்டு போனாள்.
டக். டக். டக்.
பீரோ முன்னால், டொக்.
நின்றாள். மறுபடி ஒரு டொக்.
"நாய்னா, இக்கட காலி."

மின்விசிறிச் சத்தம்.

"உங்க வேலைதானே, முனிரத்தினம்?"
ஆமாங்க, என்றேன்.
அந்த அறையில் நான் பேசிய முதல் வார்த்தை.
கரஸ்பாண்டென்ட் பலமாகச் சிரித்தார்.
"பாப்பா கெட்டி. பாக்கிய ஃபீஸ்ல கழிச்சிக்கலாம்.
மேல ஆயிரத்து நூறு கட்டிடுங்க.
அப்படியே அதையும் மாத்திக் குடுத்துடுங்க."
கழித்ததற்கும் ரசீது கிடையாது.

டீக்கடை வரைக்கும் நாகவேணி பேசவில்லை.
நிவாஷினி பாட்டிலைக் காட்டிக் கை நீட்டினாள்.
மூடியைத் திறந்து கொடுத்தாள்,
சொல்லு என்று கேட்காமல்.

ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.
அந்த ஐவரி இப்போது வருவதில்லை.
எதை ஒட்டினாலும் ஒரு சாயல் மஞ்சளாகத்தான் நிற்கும்.
மற்றவர்களுக்குத் தெரியாது.