எழுத்துக்கு நாற்பது

திசையன்விளையில் பஸ் மாறி
கடல் பார்க்கத்தான் உவரி வந்தேன்.
உப்புக்காற்றை முந்திக்கொண்டு
கல் அறுக்கும் மெஷின் சத்தம்.

செருப்பைக் கழற்றியதும்
காலோடு ஒட்டிக்கொண்டது சிவப்பு மணல்.
தார்ப்பாய் நிழலில் சாந்தகுரூஸ்
கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுகிறார்,
இமை முடியிலும் தூசி.
எழுத்துக்கு நாற்பது ரூபாய்.
புள்ளிக்குக் காசில்லையாம்.
என் பெயரை எண்ணிப் பார்த்தேன்,
சும்மாதான்.

மீன் கூடையோடு மிக்கேலம்மாள் வந்தாள்.
கணவன் பெயர் முடிந்திருந்தது.
அதன் கீழே அவள் பெயர்,
பிறந்த தேதி, ஒரு கோடு,
பிறகு இரண்டும் பூஜ்யமும் மட்டும்.
மிச்சம் வழவழவென்று வெறுங்கல்.

தடவிப் பார்த்தாள்.
"இந்த இருபதை யாருவே கேட்டா?
இருபத்தொண்ணு பொறந்தப்பறமும்
நான் கெடந்தேன்னா என்ன செய்வீரு?"

"கல்லுல அழிக்க முடியாதும்மா."

"அப்ப ரெண்டு எழுத்துக் காசைக் கொறையும்."

எண்பது ரூபாய் குறைந்தது.
கூடையைத் தன் பெயர் மேலேயே இறக்கி
விற்காத சாளைக்கு
என்னிடம் விலை சொன்னாள்.
லாட்ஜில் அடுப்பில்லை என்று
சொல்ல வாய் வரவில்லை.

கடல் இன்னும் நூறடிதான்.
கையில் மீன் பை சொட்டுகிறது.