எழுதாத தகடு

கோட்டையூர் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஜெராக்ஸ் கடை மாடியில் என் அறை.
பலகை கிடையாது.
தேடி வருகிறவர்களுக்கு ஆட்டோக்காரர்கள் வழி சொல்வார்கள்.

வசியத்துக்கு ஆயிரத்து இருநூறு,
வாய்க்கட்டுக்கு இரண்டாயிரம்.
கை கால் முடக்கச் சொன்னால்
முதலில் தண்ணீர் கொடுப்பேன்.

சிகப்பி தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தாள்.
இருபத்தேழு பங்கு உள்ள வீடு.
இரண்டாங்கட்டில் அவளுக்கென்று ஓர் அறை,
அதில் ஆத்தா வைத்துப்போன வெண்கலச் சாமான்.
மலேசியாவில் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்துத் திரும்புவதற்குள்
பூட்டு மாறியிருந்தது.
பெரியப்பா மகன் தேனப்பன்
சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே
'எது உன் அறை?' என்றானாம்.

'அந்தக் கை' என்றாள் என்னிடம்.
'வலது கை.'

வருகிறவர்கள் எல்லாரும் சொல்லைப் பற்றித்தான் கேட்பார்கள்,
எத்தனை உரு, எந்தத் திசை, என்ன எண்ணெய் என்று.
லட்சம் உரு ஏற்றினாலும்
மனசு வேறெங்கோ மேய்ந்தால் சொல் வெறும் எச்சில்.
பிரிந்த தம்பதிக்கு எழுதும்போது ஒருமுறை
கேஸ் தீர்ந்துவிட்டதே என்று நினைத்துவிட்டேன்.
இன்றுவரை அவர்கள் சேரவில்லை.
அந்த வீட்டுக்கு மட்டும் சிலிண்டர்
சொன்ன தேதிக்கு வருகிறது.

அதனால் சிகப்பியைப் பேசவிட்டேன்.
ஒன்றரை மணி நேரம்.
நடுவில் ராமேஸ்வரம் வண்டி போனது, மேசை அதிர்ந்தது,
அவள் குரல் அதிரவில்லை.
அழுதிருந்தால் ஒருவேளை எழுதியிருப்பேன்.
அழுகிறவர்களின் கோபத்தில் பாதி
என் பாயிலேயே சிந்திவிடும்.
இவளிடம் ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவள் போனபின் செப்புத் தகட்டை எடுத்தேன்.
எழுத்தாணியை ஊன்றினேன்.
தேனப்பன் முகத்தை நினைக்க வேண்டும்;
என் தம்பி முத்திருளன் வந்து நின்றான்.
செத்துப்போன அப்பாவின் கட்டைவிரலை மையில் ஒற்றி
அரியக்குடி நிலத்தை எழுதி வாங்கியவன்.
பதினோரு வருஷம் கழித்தும்
காது மடல் சுட்டது.

அடுத்தவர் கோபத்தோடு என் கோபத்தைக் கலப்பதில்லை,
இந்தத் தொழிலில் எனக்கிருக்கும் ஒரே ஒழுக்கம் அது.
வெறுந்தகட்டை மடித்தேன், சிவப்பு நூல் சுற்றினேன்,
அரிசி டின்னுக்குள் போட்டேன்.
சுடுகாட்டில் புதைத்தாயிற்று என்று
போனில் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் வாரம் படியேறி வந்தாள்,
ஒற்றைச் செருப்போடு.
இன்னொன்று தெருவில் அறுந்து கிடந்தது.

'ஒட்டடை அடிக்க ஏணியில ஏறியிருக்கான்.
மணிக்கட்டு ரெண்டு இடத்துல.
காரைக்குடி ஆஸ்பத்திரில கிடக்கான், ஆளில்ல.
நாந்தான் இட்லியப் பிட்டு ஊட்டுறேன்.
மெல்லும்போது என்னையே பாக்குறான்.
நேத்து அவன் தூங்குனப்ப
மாவுக்கட்டுக்கு வெளிய நீட்டியிருந்த விரல்ல
நகம் வெட்டி விட்டேன்...
எடுத்துருங்க. இப்பவே எடுத்துருங்க.'

நான் எழுதவே இல்லை.
மூன்று வார்த்தை. சொல்லியிருக்கலாம்.
சொன்னால் நாளைக்கும் இட்லி போகுமா
என்று ஒரு கணம் யோசித்தேன்.
அதற்குள் அவளே எலுமிச்சம்பழத்தை
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு
கண்ணை மூடிவிட்டாள்.

உப்புத் தண்ணீர் தெளித்தேன்.
எனக்குத் தெரிந்த முறிப்பையெல்லாம் சொன்னேன்.
எத்தனையோ வருஷத்தில் அன்றுதான்
சொல்லும் நானும் ஒரே இடத்தில் இருந்தோம்.

காசு வேண்டாம் என்றதும் பயந்துபோனாள்.
அவ்வளவு பெரிசா என்று கேட்டாள்.

ராத்திரி உலைக்கு அரிசி அளக்கும்போது
உழக்கு தகட்டில் உரசியது.
எடுத்து, நூலை அறுத்து, பிரித்தேன்.
கோடு இல்லை, எழுத்து இல்லை, பெயர் இல்லை.
ஓரத்தில் மட்டும்
அன்று அழுத்திப் பிடித்திருந்த இடத்தில்
பச்சையாய்க் களிம்பு ஏறிய
ஒரு கட்டைவிரல் ரேகை.

என்னுடையதுதான்.

எந்த வீட்டுக்குப் போனதோ.

முத்திருளன் நம்பர் இன்னும் மனப்பாடம்.
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.
எடுத்தால்
கை எப்படி இருக்கிறது என்றுதான்
கேட்க வேண்டும்.