சாந்தில் ஓடிய கப்பல்

குழாய் மாற்றத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.
கோட்லாந்துத் தீவில் அக்டோபர் பிறந்தால்
தேவாலயத்துக்குள்ளே மூச்சு கண்ணுக்குத் தெரியும்.
போதகர் குன்வோர் அங்கிக்குள்
இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையோடு ஜெபிப்பார்.

தெற்கு வாசல்படியைக் கிளப்பினால்தான்
வெந்நீர்க் குழாய் உள்ளே போகும்.
நானும் சிக்ஸ்டனும் கடப்பாரை கொடுத்தோம்.
எழுநூறு வருஷம் மிதிபட்ட முதுகு
நடுவில் உள்ளங்கைபோல் குழிந்திருந்தது.
மணப்பெண்ணும் கடன்காரனும்
ஆட்டைத் தேடிவந்து மழைக்கு ஒதுங்கியவனும்
ஒரே இடத்தில்தான் கால் வைத்திருக்கிறார்கள்.

கல் புரண்டது.
சிக்ஸ்டன் சொன்ன முதல் வார்த்தையை,
சொன்ன இடம் கருதி, எழுதவில்லை.

அடியில் ஒரு கப்பல்.
கட்டம் கட்டமாய்ப் பின்னிய பாய்.
கயிற்றைப் பிடித்தபடி ஒன்பது பேர்,
ஒன்பது தாடியும் கூர்.
மேலே எட்டுக் காலோடு ஒரு குதிரை.
அதன்முன் பின்னல் தொங்கும் ஒருத்தி
கொம்புக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள்.
குதிரைக்காரன் இன்னும் வாங்கவில்லை.

சிலுவை இத்தீவுக்கு வருமுன்
எவனோ செத்ததற்காக
வழியோரம் நின்ற கல்.
பிறகு கிடந்த கல்.

மியூசியத்திலிருந்து டீரா வந்தாள்.
மண்டியிட்டு, பல் துலக்கும் பிரஷால்
குதிரையின் குளம்புகளை ஒவ்வொன்றாய்த் தேய்த்தாள்.
“குப்புறப் போட்டதால் பிழைத்தது” என்றாள்.
மறைக்கப் போட்டானா, காக்கப் போட்டானா என்றேன்.
“சொரசொரப்பு மேலே இருந்தால் வழுக்காது.
அவ்வளவுதான் நினைத்திருப்பான்.”

போர்வை சுற்றிய கல் வேனில் விஸ்பிக்குப் போனது.

அது போன பிறகுதான் பள்ளத்தைப் பார்த்தேன்.
சுண்ணாம்புச் சாந்தில் அதே கப்பல்,
எதிர்த்திசையில்.
கல்லில் கடலைப் பார்த்து ஓடியது
இங்கே வயலைப் பார்த்து ஓடியது.
அவள் இப்போது இடக்கையால் நீட்டினாள்.
ஓரத்தில் ஈரச் சாந்தை அழுத்திய ஒரு கட்டைவிரல்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
கொள்ளவில்லை. பையனாக இருந்திருப்பான்.

போன் செய்தேன்.
திங்கட்கிழமை வந்து அச்செடுக்கிறேன் என்றாள் டீரா.
சனிக்கிழமை வால்ஃப்ரிடின் அடக்கம்.
சர்க்கரைக் கிழங்கு போட்டு வாழ்ந்தவர்,
கடல் ஆகாது,
பெருநிலத்துக்குப் போனது இரண்டே தடவை,
இரண்டு தடவையும் வாந்தி.
அவருடைய அக்காவுக்குத் தொண்ணூற்றொன்று,
குளிரில் உட்கார வைக்க முடியாது.

குன்வோர் பள்ளத்தைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார்,
மெழுகுவர்த்திகளை எண்ணப் போய்விட்டார்.
இது என் வேலையில்லை என்று
யார் வேண்டுமானாலும் சொல்லலாம்,
சுத்தியல் வைத்திருப்பவனைத் தவிர.

போட்டோ எடுத்தேன், பதினேழு.
எல்லாவற்றிலும் என் நிழல்.

சாந்து நினைத்ததைவிட மெதுவாக இருந்தது,
நாள்பட்ட பாலாடைக்கட்டிபோல்.
குதிரையை முடிந்தவரை சுற்றிப் போனேன்,
ஆனால் குழாய் வளைய மறுத்தது.
ஒரு சாண் அகலம்.
பாயின் பாதி, கயிறு பிடித்தவர்களில் ஐந்து பேர்,
கோப்பை.
முன்பாதி அந்தப் பக்கம், பின்பாதி இந்தப் பக்கம்,
நடுவே செம்பு.
மிச்ச நாலு பேர்
எதில் கட்டியிருக்கிறது என்று தெரியாத கயிற்றை
இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விரல் பதிந்த துண்டு தானாகவே பெயர்ந்து வந்தது.
அதை என்ன செய்தேன் என்று டீராவிடம் சொல்லவில்லை.
இங்கேயும் சொல்லப்போவதில்லை.

சனிக்கிழமை கான்கிரீட் காயவில்லை.
குறுக்கே இரண்டு பலகை போட்டிருந்தேன்.
ஆறு பேர் பெட்டியைத் தூக்கி வந்தார்கள்.
பலகை கொஞ்சம் அமுங்கி எழும்பியது,
வால்ஃப்ரிட் ஒரு தடவை ஆடி
உள்ளே போனார்.

இரண்டாவது பாட்டு முடியும்போது
குழாயில் டக் டக் என்று தண்ணீர் ஏறிற்று.
முன்வரிசையில் அந்த அக்கா
கையுறையைக் கழற்றி,
பிரித்து,
மடிமேல் வைத்துக்கொண்டாள்.