தொபுக்கடீர்

லூயிஸ்டனில், பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகளில்
முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தோம்.
வெளியே மார்ச் மாதத்து அழுக்குப் பனி.
என் வண்டியில் இன்னும் பாதி உப்பு.

கணக்கு இனி கம்ப்யூட்டரில்தான் என்றார் தலைமையாசிரியர்,
தினமும் முப்பது நிமிடம்.
சுவரில் விழுந்தது வரைபடம்.
பச்சை, மஞ்சள், கீழே கொஞ்சம் சிவப்பு.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
4417 யாரென்று எனக்குத் தெரியும்.

முந்தின நாள்தான் ரெமி என்னோடு வண்டியில் வந்தான்.
மைலுக்கு இருநூற்றைம்பது பவுண்டு உப்பு,
பதினெட்டு மைல் தெளிக்கணும், எவ்வளவுடா என்றேன்.
கண்ணாடியில் மூச்சை ஊதி
விரலால் ஏதோ கிறுக்கி
அது மறைவதற்குள் சொன்னான்:
நாலாயிரத்து ஐந்நூறு.

ஒன்றரை வருடம் பின்தங்கியிருக்கிறானாம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டது திரை.
ஐம்பத்து நான்கு என்று தட்டினான்.
"டேய், தெரியாதா உனக்கு?"
"அம்பத்தாறு. சரியாப் போட்டா
நீர்நாய் சும்மா கைதட்டும்பா.
தப்பாப் போட்டாத்தான் கட்டையிலேர்ந்து தண்ணியில விழும்."
தொபுக்கடீர்.
"பாத்தியா, காது வரைக்கும் நனைஞ்சிருச்சு!"

இதை எழுந்து சொன்னேன்.
கூடமே சிரித்தது.
பெல்கி தொடையைத் தட்டினார்:
பென்சில் போதும், பேப்பர் போதும்,
நாமெல்லாம் அப்படித்தானே படித்தோம்!
(பெல்கியின் பந்தயச் சீட்டுக் கணக்கை நான் பார்த்திருக்கிறேன்.
வாயைத் திறக்கவில்லை.)
ஜெயித்துவிட்ட நினைப்பில் உட்கார்ந்தேன்.

அப்போது எழுந்தார் உபா,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்,
கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.
"என் மகள் சகலுக்கு இது மூன்றாவது பள்ளிக்கூடம்.
பதின்மூன்று என்று அவள் சொன்னால் முப்பது போலக் கேட்கும்,
வகுப்பு சிரிக்கும்.
இந்த மிருகம் சிரிப்பதில்லை.
பன்னிரண்டு தடவை தப்புப் போட்டாலும்
உச்சுக் கொட்டுவதில்லை.
அவள் தூங்கிய பிறகு நானும் திறக்கிறேன்.
பின்னம் வரைக்கும் வந்திருக்கிறேன்."
கொஞ்சம் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.
"விழுவது உங்கள் பையனுக்கு வேடிக்கை.
எங்களுக்கு, யாரும் பார்க்காமல் விழ
ஓர் இடம் வேண்டியிருக்கிறது."

யாரும் கைதட்டவில்லை.
காபி இயந்திரம் மட்டும் கொதித்தது.

ஆதரவா எதிர்ப்பா என்று ஒரு தாள் வந்தது.
என் பென்சில் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நின்றது.
நாற்காலிகளை அடுக்கும்போது விலெட் டீச்சர்
என்னிடமா தன்னிடமா தெரியாமல் சொன்னார்:
"முன்பெல்லாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன்,
யாருக்குப் புரியவில்லை, யார் விளையாடுகிறார்கள் என்று.
இப்போது எனக்குத் தெரிவது இருபத்தாறு திரைகளின் பின்பக்கம்."

வீடு உறங்கியபின்
சமையலறை மேசையில் 4417 ஆக நுழைந்தேன்.
ஏழெட்டு ஐம்பத்து நான்கு.
விழுந்தது. சிரித்தேன்.
இன்னொரு தடவை தள்ளிவிட்டேன்.
பிறகு ஒழுங்காக இருபது கணக்குப் போட்டதும்
பின்னத்துக்குக் கூட்டிப்போனது.
முக்காலை அரைக்காலால் வகுக்கச் சொன்னது.
யோசித்து, நிஜமாகவே யோசித்து, ஒரு எண் போட்டேன்.
தொபுக்கடீர்.
வேறொன்று போட்டேன்.
தொபுக்கடீர்.
இப்போது சிரிப்பு வரவில்லை.
ஜன்னலில் யாராவது தெரிகிறார்களா என்று பார்த்துக்கொண்டேன்.

காலையில் மின்னஞ்சல் காத்திருந்தது:
வாழ்த்துகள்! உங்கள் பிள்ளை நேற்றிரவு
நாற்பத்தேழு நிமிடம் பயிற்சி செய்திருக்கிறான்.
சிவப்பு கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது.

பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன், உப்பு ஏற்றப் போகணும்.
ரெமி திரையிலிருந்து தலையைத் தூக்கினான்.
"அப்பா,
பின்னத்துல இதை இத்தனை தடவை
யாரு தள்ளிவிட்டது?"