ஊக்கு

ஒரு துப்பட்டாவுக்கு நான்கு ஊக்கு.
தோளுக்கு ஒன்றாய் இரண்டு.
வெள்ளைத்துணி நெஞ்சில் வந்து கூடும் இடத்தில் மூன்றாவது.
நான்காவது முதுகில்,
அவரவர் கை அவரவருக்கு எட்டாத இடத்தில்.
அதைப் பவதாரணி எனக்குக் குத்துவாள்,
நான் அவளுக்கு,
புதுவயல் நிறுத்தத்தில்
எட்டேகால் பஸ் வருவதற்குள்.

பதினொன்றில் சேர்ந்த அன்று சுற்றறிக்கை வாசித்தார்கள்.
மேல்நிலை மாணவிகள்
சுடிதாருக்கு மேலே கோட் போட வேண்டும்,
கோட்டுக்கு மேலே துப்பட்டா.
காரணம் அதில் எழுதியிருக்கவில்லை.
"லீவுல நாம என்னடி தப்பு செஞ்சோம்?"
"வளந்தோம்" என்றேன்.

எங்கள் ஊரில் நெல் அவிக்கிற ஆலைகள் அதிகம்.
உமி எரிந்த சாம்பல்
எத்தனையோ கூரைகளைத் தாண்டி வந்து
எங்கள் வெள்ளையாய்ப் பார்த்து இறங்கும்.
தட்டினால் தீற்றிக்கொள்ளும், ஊதத்தான் வேண்டும்.
குத்திய துணியைத் தூக்கி ஊத முடியாது.
குனிந்து, தன் நெஞ்சைத் தானே ஊதிக்கொண்டு
பிரேயரில் நிற்போம்,
சூடான சோற்றை ஆற்றுகிறவர்கள் மாதிரி.

பையன்களுக்கு ஊக்கு இல்லை, பாட்டில்.
கேட்டில் செபஸ்தியான் சார்
ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார்.
பேண்ட்டின் கீழ்விளிம்பில் அது நுழைய வேண்டும்.
நுழையாவிட்டால் கத்திரி.
வைரவபாண்டிக்குக் கணுக்காலிலேயே நின்றுவிட்டது.
முழங்கால்வரை தையல் பிரிந்த பேண்ட்டோடு
அன்றைக்கெல்லாம் இயற்பியல் லேபில்
ஊசலை ஆட்டி எண்ணிக்கொண்டிருந்தான்.

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு வந்தான்.
கறுப்பு வேட்டி, வெறுங்கால், ஒரு வாரத் தாடி.
செபஸ்தியான் சார் பாட்டிலை முதுகுக்குப் பின்னே கொண்டுபோய்,
"வாங்க சாமி" என்றார்.
நிஜமாகவே வேண்டுதலா என்று சாமியிடம் கேட்டேன்.
"நாப்பத்தெட்டு நாள் லீவு.
எனக்கில்ல, பேண்ட்டுக்கு."

ஆண்டுவிழாவுக்கு வந்தவர்
பெண்பிள்ளைகளை ஊக்குவிக்க வேண்டும் என்று
மூன்று முறை சொன்னார்.
நான்காவது முறை சொல்லப் போகிறாரோ என்று
பவதாரணி என் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடி.
நுழைவுத் தேர்வுக்கு வேறு சுற்றறிக்கை.
முழுக்கை கூடாது. கோட் கூடாது.
பெரிய பொத்தான், தோடு, கொலுசு, இரும்பில் எதுவும் கூடாது.
மூன்று ஊக்கை வீட்டிலேயே எடுத்துவிட்டேன்.
கேட்டில் அந்த அக்கா கருவியை முதுகில் தடவியதும்
கத்தியது அது.
பழக்கத்தில், பவதாரணி இல்லாமலே,
சுவரில் சாய்ந்து
எப்படியோ குத்தியிருக்கிறேன் நான்காவதை.
அக்கா கழற்றித் தன் காக்கிச் சட்டையில் செருகிக்கொண்டாள்.
"துப்பட்டாவையும் வெளிய குடுத்துரு."
இரண்டு வருஷம்.
இரண்டே நிமிஷம்.

உள்ளே முதல் அரைமணி நேரம்
கை தானாக நெஞ்சுக்குப் போய்ப் போய்
ஒன்றும் இல்லாததைச் சரிசெய்தது.
மேலே கேமரா.
முன்னால் இருந்தவளின் அவிழ்த்துவிட்ட பின்னலில்
ரிப்பன் கட்டின மடிப்பு இன்னும் கலையவில்லை.
நீருக்குள் கிடக்கும்போது தவளை எதனால் சுவாசிக்கிறது
என்று ஒரு கேள்வி.
தோல் என்று வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

முடிந்து வெளியே வந்தால்
தடுப்புக்கு அந்தப் பக்கம், நிழலே இல்லாத ரோட்டில்
அப்பாக்கள்.
எல்லார் தலையிலும் மகள்களின் துப்பட்டா.
கிளிப்பச்சை, ரோஜா, ஜரிகை வைத்தது ஒன்று,
நடுவில் என் வெள்ளை.
மில்லில் மூட்டை தூக்குகிற அப்பா
முக்காடு போட்டதுபோல் நின்றிருந்தார்.
யாருக்கும் ஊக்கு இல்லை.
காற்றடித்தபோது எல்லாரும்
ஒரு கையால் நாடியோடு பிடித்துக்கொண்டார்கள்.

"குடுங்கப்பா" என்று கை நீட்டினேன்.
"இரு, வெயில் தாழட்டும்" என்றார்.