பத்துப் பத்தாக எண்ணும் எந்திரம்

அடைக்கலம், மூட்டையை இறக்கிவிட்டுக் கொஞ்சம் நில்.
புதுவயல் ஆலைகளுக்கு நெல் கொண்டுவரும்
லாரிகள் ஏறி இறங்கும் இந்த எடைமேடையில்
பதினாலு வருசமாகச் சீட்டுப் போடுகிறேன்.
இந்த எந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு, உனக்குத் தெரியாது:
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.

லாரி இல்லாத ஒரு மத்தியானம்
நான் மட்டும் ஏறி நின்றேன்.
ஐம்பத்து நாலு கிலோ, ஆஸ்பத்திரியில் பார்த்தது.
சிவப்பு எழுத்தில் ஐம்பது என்றது.
நாலு கிலோ எங்கே போச்சு என்று
யாரிடம் கேட்க?

குழாயில் ஆறு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருவதையும்
யாரிடம் கேட்க என்று தெரியவில்லை.
முன்னே வார்டு மெம்பர் சீமைச்சாமி இருந்தார்.
நல்லவர் என்று சொல்ல வரவில்லை.
என் குடத்தைக் கண்டால்
வண்டியைத் திருப்பிக்கொண்டு
மில்லுக்குப் பின்சந்தில் ஓடுவார்.
ஓடினார் என்றால் என்ன அர்த்தம்?
நமக்குப் பயந்தார்.
ஐந்து வருசம் முடிந்தால்
என் வாசலில் வந்து கைகூப்ப வேண்டும் என்று
அவருக்குத் தெரியும்.

இப்போது யார் ஓடுகிறார்கள்?
தேர்தலைத் தள்ளிவைத்து மூன்று பொங்கல் ஆயிற்று.
ஆபீஸில் ஒரு நாற்காலி, அதன் முதுகில் ஒரு துண்டு.
கையெழுத்து மட்டும் வேறு ஊரிலிருந்து
செவ்வாய்க்கிழமை வரும்.
கையெழுத்தை எந்தச் சந்தில் மறிப்பது?

கானாடுகாத்தான் பக்கம் பார்த்திருப்பாய்:
எண்பது ஜன்னல் வீடு, சொந்தக்காரர் கடல் தாண்டி,
சாவி காவல்காரரிடம்.
அது அவர்கள் பாடு.
சொந்தக்காரர் அத்தனை பேரும் உள்ளூரில் இருக்க
சாவி மட்டும் வெளியூர் போன வீடு
நம்முடையதுதான்.

முதல் சனிக்கிழமை பேரூராட்சி வாசலில்
பதினோரு பேர் உட்கார்ந்தோம்.
சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
எனக்குக் கோஷம் போட வரவில்லை.
தையல்கார மெகருன்னிசா
அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்து
யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.
அட்டையில் 'தேர்தல் தேதி எப்போது?' என்று மட்டும்.
அதிலும் ஒரு 'ப்' விட்டுப் போச்சு,
பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் பேனாவால் சேர்த்தான்.
ஏட்டையா வந்து பேர் எழுதிக்கொண்டார்.
என் இனிஷியல் தப்பு என்றேன்.
திருத்தினார்.
அவ்வளவுதான் நடந்தது அன்றைக்கு.

இல்லை, இன்னொன்றும் நடந்தது.
குடித்திருந்த ஒருத்தன், நம் ஆள்தான்,
ஆபீஸ் கண்ணாடியைப் பார்த்துக் கல்லை எடுத்தான்.
மெகருன்னிசா ஒன்றும் பேசாமல் கையை நீட்டினாள்.
கொஞ்ச நேரம் முழித்தான்,
பிறகு அவள் கையில் வைத்துவிட்டுப் போனான்.
அட்டை காற்றில் பறக்காமல் இருக்க
அந்தக் கல் உதவியது.

பயமாக இருக்கிறது என்கிறாய். எனக்கும்தான்.
ஒரு மணி நேரக் கூலி போகும்,
மேஸ்திரி முகத்தைத் தூக்குவார்,
பொய் சொல்ல மாட்டேன்.
உட்கார்ந்த மறுநாளே குழாயில் தண்ணீர் கொட்டும் என்றும்
சொல்ல மாட்டேன். கொட்டவில்லை.

ஆனால் 'நான் ஒருத்தன் வந்து என்ன ஆகப்போகிறது'
என்று சொன்னாய் பார்,
அதற்குத்தான் எந்திரக் கதையை எடுத்தேன்.

போன வாரம் மெகருன்னிசாவையும் மேடைக்கு இழுத்தேன்.
அறுபத்து மூன்று கிலோ அவள்.
தனியாக நின்றாள், அறுபது என்றது.
என் நாலும் அவள் மூன்றும்
எந்தச் சீட்டிலும் ஏறாத தூசி.
பிறகு இருவரும் சேர்ந்து நின்றோம்.
எங்கள் கணக்குக்கு நூற்றுப் பதினேழு.
எந்திரம் நூற்றிருபது என்றது.

நம்மிடம் இல்லாத மூன்று கிலோ
எங்கிருந்து வந்தது, நீயே சொல்.

சனிக்கிழமை மூன்று மணி.
தலைத்துண்டை எடுத்துக்கொண்டு வா,
தரை சுடும்.